நாகூர் நாயகமும் நாம சாதனையும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேறுவது நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவாகவே. 16-ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த அன்னார் வடநாட்டு மாணிக்கப்பூரிற் பிறந்தவர். இளமையிற் குவாலியர் சென்று முஹம்மது கௌது என்னும் ஞானியின் சீடரானார் என்பது மரபு.

அக்குருவோ, அமிர்தகுண்டம் என்னும் யோகநூலைப் பாரசீகத்திலே பஹ்ருல் ஹயாத், அஃதாவது வாழ்வுக் கடல், என ஆக்கியவர். யோகியர் மந்திரங்களுக்கு நிகராக இறைவனின் அறபுத் திருநாமங்களை எடுத்துக்காட்டியவர். மூச்சோடு நாமத்தை இணைக்கும் சாதனை இரு நெறியார்க்கும் உண்டெனக் கண்டும், தம் நெறியை அவர் நெகிழவிட்டாரில்லை.

அத்தகையாரிடம் பயின்ற நாயகம், நெடும்பயணத்தின்பின் நாகூரில் தங்கி, அங்கேயே மறைந்தார். அவர் அடக்கத்தலத்திற்கு முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருங்கே வருகின்றனர். கல்முனையில் அவர் உடல் இல்லை, நினைவே உண்டு. இறைநாமம் ஓதுதலைக் குறிக்கும் திக்ரு என்னும் சொல்லுக்கும் நினைவு என்பதே பொருள்.