பொய்ப்பல்லைப் பார்த்து நண்பர் உடலை அடையாளம் கண்டார்

அமெரிக்க சுதந்திரப் போரில் புகழ் பெற்றவர், பால் ரிவியர். 1775-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந்தேதி இரவு, ஆங்கிலேயப் படை வருவதை அறிந்து, குதிரையில் விரைந்து சென்று ஊர் ஊராக எச்சரித்தவர்.

அவர் பல் கட்டும் வேலையும் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது.

வெள்ளிப் பட்டறை

ரிவியர், பாஸ்டன் நகரில் 1735-ல் பிறந்தார். தந்தை வெள்ளி வேலை செய்பவர். 1754-ல் தந்தை இறந்ததும், பட்டறைப் பொறுப்பு ரிவியர் தலையில் விழுந்தது.

சில ஆண்டுகளில் வியாபாரம் மந்தமானது. குடும்பமோ பெரியது. (முதல் மனைவி இறந்தபின் மறுமணம் செய்தார். இருவருக்கும் சேர்த்து 16 குழந்தைகள்!) எனவே, ஒரு பல் வைத்தியரிடம் தொழில் பழகினார். விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பொய்ப்பல் செய்து, கம்பியால் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டுவார். 1768-ல் பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார்.

அவரிடம் பல் கட்டிக்கொண்டவர்களில் ஒருவர், டாக்டர் ஜோசப் வாரன். நெருங்கிய நண்பர். அன்று இரவு ரிவியரைக் குதிரையில் அனுப்பியவரும் அவரே.

குண்டு பாய்ந்தது

1775 ஜூன் 17-ந்தேதி பங்கர் ஹில் சண்டையில், தலையில் குண்டு பாய்ந்து வாரன் இறந்தார். வயது 34. ஆங்கிலேயர்கள் அவரை அங்கேயே ஒரு குழியில், வேறொருவர் உடலுடன் புதைத்துவிட்டனர்.

1776 மார்ச்சில் ஆங்கிலப் படை பாஸ்டனை விட்டு வெளியேறியது. ஏப்ரலில் உறவினர்களும் நண்பர்களும் குழியைத் தோண்டினார்கள். ஏறத்தாழ 10 மாதம் ஆகிவிட்டது. முகம் தெரியவில்லை.

ரிவியர் வாயைப் பார்த்தார். உள்ளே அவர் கட்டிய பல், அவர் முறுக்கிய கம்பி! அது வாரன்தான் என்பது உறுதியாயிற்று. ஏப்ரல் 8-ந்தேதி மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

ரிவியர் செய்த வெள்ளிப் பாத்திரங்களில் அவர் பெயர் முத்திரை இருக்கும். அந்தப் பல்லில் எந்த அடையாளமும் இல்லை. அதைக் கட்டியவர் உயிரோடு இருந்து, நேரில் வந்ததால் பிழைத்தது. அவரும் போரில் மாண்டிருந்தால்?

இப்போது பல்செட்டிலேயே பெயரைப் பதிக்கும் முறை உள்ளது. எவர்சில்வர் பாத்திரத்தில் நாம் பெயர் வெட்டுவதில்லையா, அதுபோலத்தான். மெல்லிய தகட்டில் பெயரோ எண்ணோ பொறித்து, பல்செட்டுக்குள் வைத்து மூடிவிடுவார்கள். துருப்பிடிக்காத உருக்குத் தகடு என்றால், தீ விபத்திலும் மிஞ்ச வாய்ப்பு உண்டு. பல்செட் கட்டும்போது கேட்டுப் பார்க்கலாம்.

போருக்குப் பின் ரிவியர் மணிகள் வார்த்தார். 1801-ல் செப்புத் தகடு ஆலை தொடங்கினார். 1818 மே 10-ந்தேதி, 83-வது வயதில் காலமானார். பாஸ்டனில் உள்ள கிரானரி கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

வாரன் உடலும் அப்போது அதே தோட்டத்தில்தான் இருந்தது.