மண்ணடுக்குகளைப் படித்த பேராசிரியர்

நுழையும்முன்

அரசர்கள் கல்வெட்டுகளை விட்டுச்சென்றனர். புலவர்கள் நூல்களை விட்டுச்சென்றனர். எழுத்தறியாக் காலத்து உழவரும் குயவரும் விட்டுச்சென்றவை உடைந்த பானையோடுகளும் கற்கருவிகளும் கரிந்த தானியமணிகளுமே. அவற்றையும் வரலாற்றுச் சான்றுகளாக மதித்து, இந்தியத் தொல்லியல் கல்விக்குப் புதுத்திசை காட்டியவர் பேராசிரியர் சாங்கலியா.

இளமையும் கல்வியும்

ஹஸ்முக் தீரஜ்லால் சாங்கலியா 1908ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் மும்பையில் பிறந்தார். குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட அவருடைய குடும்பம் வழக்கறிஞர் குடும்பம். பிழைப்பது அரிது என்று பிறர் கருதுமளவுக்கு மெலிந்த குழந்தையாக அவர் இருந்தார். அக்குழந்தையே பின்னாளில் ஆற்றங்கரைகளிலும் மலைச்சரிவுகளிலும் சலிப்பின்றிக் களப்பணி ஆற்றியது.

வடமொழியில் ஆர்வம் கொண்டிருந்த சாங்கலியா சட்டமும் பயின்றார். எனினும், நீதிமன்றத்தைவிடப் பண்டை வரலாறே அவர் மனத்தை ஈர்த்தது. வரலாற்றறிஞர் ஹீராஸ் பாதிரியாரின் வழிகாட்டலில் நாளந்தாப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஆராய்ந்தார். அவ்வாய்வு 1934இல் நூலாக வெளிவந்தது. பின்னர் இலண்டன் சென்று, குஜராத்தின் தொல்லியலை ஆராய்ந்து 1936இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கிருந்த காலத்தில் மார்ட்டிமர் வீலர் நடத்திய மெய்டன் காசில் அகழாய்வில் பங்கேற்றார். மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்து, ஒவ்வோர் அடுக்கிலும் கிடைப்பனவற்றைத் தனித்தனியே பதிவுசெய்யும் முறையை அவர் அங்குக் கற்றார். நூலறிவோடு களப்பயிற்சியும் இணைந்த ஆய்வாளராகத் தாயகம் திரும்பினார்.

வகுப்பறையும் களமும்

1939இல் புணேயில் டெக்கான் கல்லூரி உயராய்வு நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டபோது, சாங்கலியா அங்குப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அந்நாளில் கோயில், சிற்பம், நாணயம், கல்வெட்டு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வே தொல்லியலில் பெரிதும் மேலோங்கியிருந்தது. சாங்கலியாவோ எழுத்துச் சான்றுகளுக்கு அப்பாற்பட்ட காலத்தை நோக்கித் தம் மாணவர்களை அழைத்துச் சென்றார்.

சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் குஜராத்தின் சபர்மதி ஆற்றுப் பகுதியிலும் கற்கருவிகளைக் கண்டறிந்திருந்தார். அத்தடத்தைப் பின்பற்றி 1941இல் சாங்கலியா குஜராத்தில் கள ஆய்வைத் தொடங்கினார். அங்குள்ள லாங்நாஜ் என்னும் ஊரில் நுண்கற்கருவிகளும் மனித எலும்புக்கூடுகளும் வெளிப்பட்டன. எலும்புக்கூடுகளை மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே ஆராய்ந்தார். மண்ணையும் பண்டைத் தட்பவெப்பத்தையும் அறிய எஃப். இ. சாய்னர் துணைநின்றார். ஒரு துறையின் அறிவு மட்டும் பழங்காலத்தை விளக்கப் போதாது என்பதைச் சாங்கலியா செயலில் காட்டினார்.

எளியோரின் வரலாறு

மௌரியர், சாதவாகனர் காலங்களுக்கு முன்பு மகாராட்டிரத்தில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு அன்று தெளிவான விடையில்லை. பிரவரா ஆற்றங்கரையிலுள்ள ஜோர்வேயில் 1950-51இல் நடைபெற்ற அகழாய்வு அவ்விடைக்கு வழிவகுத்தது. அங்குக் கிடைத்த கருவண்ணம் தீட்டிய செந்நிற மட்கலங்கள், செம்பையும் கல்லையும் ஒருங்கே பயன்படுத்திய வேளாண் மக்களின் பண்பாட்டை உணர்த்தின. அப்பண்பாடு இன்று ஜோர்வேப் பண்பாடு என்றே வழங்கப்படுகிறது.

நருமதைக் கரையிலுள்ள நவ்தாதோலியில் குடிசைகளின் தரைகளும் கோதுமை, நெல், பயறு வகைகளின் கரிந்த மணிகளும் கிடைத்தன. நெவாசா அகழாய்வு பல காலங்களின் வாழ்வை ஒரே இடத்தில் காட்டியது.

1968இல் தொடங்கிய இனாம்காவ் அகழாய்வு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் தடயங்கள் வெளிப்பட்டன. இறந்த குழந்தைகளை இரண்டு தாழிகளுக்குள் வைத்து, அவற்றின் வாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, வீட்டுத் தரைக்கடியில் புதைத்திருந்தனர். பெயர் தெரியாத அம்மக்களின் உணவும் உறைவிடமும் மட்டுமன்றி, அவர்களின் சடங்கும் பிள்ளைப் பாசமும்கூட அம்மண்ணில் தங்கியிருந்தன.

பொருளும் கைத்திறனும்

ஒரு பொருளைக் கண்டெடுப்பதோடு ஆய்வாளரின் பணி முடிந்துவிடுவதில்லை. அது எவ்வாறு செய்யப்பட்டது, எதற்குப் பயன்பட்டது என்பனவும் அறியப்பட வேண்டும். இந்நோக்கில் கற்கருவிகளின் செய்முறை, பெயர், பயன்பாடு ஆகியவற்றை விளக்கி 1964இல் சாங்கலியா ஒரு நூல் வெளியிட்டார். இன்றைய சிற்றூர்களில் மண் வனைவோரும் குடிசை வேய்வோரும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் தொழிலறிவு, பழம்பொருள்களைப் புரிந்துகொள்ள உதவும் என்னும் கருத்தும் அவர்தம் ஆய்வுக்கூடத்தில் வேரூன்றியது. டெக்கான் கல்லூரி அருங்காட்சியகத்தில் உள்ள அகழாய்வுப் பொருள்கள் இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக விளங்குகின்றன.

நிறைவாழ்வு

அறுபது வயதிலும் அவர் தேடல் ஓயவில்லை. 1969இல் காஷ்மீரத்தின் பகல்காமில் கற்கருவிகளைக் கண்டறிந்தார். 1973இல் பணி ஓய்வு பெற்ற அவருக்கு அடுத்த ஆண்டு பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அவர் மறைந்தார். அவரிடம் பயின்றோர் நாட்டின் பல பகுதிகளில் ஆய்வாளர்களாகவும் பேராசிரியர்களாகவும் விளங்கினர்.

உழுத நிலத்தில் கிடக்கும் ஒரு பானையோடு, காண்போர் கண்ணுக்கு வெறும் குப்பையாகத் தோன்றலாம். கிடைத்த இடத்தையும் அடுக்கையும் அறிந்து பாதுகாத்தால், அதுவே ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறாகும். இடமறியாது பெயர்த்தெடுத்தால் அவ்வரலாறு மீளாது அழியும். தொன்மையைக் காக்கும் கடமை அறிஞர்க்கு மட்டுமன்றி, அம்மண்ணில் வாழும் அனைவர்க்கும் உரியது என்பதே சாங்கலியாவின் வாழ்க்கை உணர்த்தும் பாடமாகும்.