காப்பி அடிக்க மெஷினைப் பழக்கிய கணக்கு டீச்சர்: யார் இந்த கிரேஸ் ஹாப்பர்?

ஆயிரம் போட்டோக்களின் பெயரை ஒரே தட்டில் மாத்தணுமா? தேதி வாரியா ஃபைல்களை அடுக்கணுமா? இதுக்கெல்லாம் இன்னைக்கு யாரும் முதலில் இருந்து புரோகிராம் எழுதுறதில்லை. ஏற்கெனவே எழுதி வச்ச சின்ன புரோகிராம் துண்டை எடுத்து ஒட்டினா போதும், வேலை முடிஞ்சது.

இந்தப் பழக்கம் இன்டர்நெட்டோடு வந்தது இல்லை. 1940-களிலேயே நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக இருந்த பழக்கம் இது. அந்த நோட்டை மெஷினுக்குள் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் கிரேஸ் ஹாப்பர்.

வகுப்பறையில் இருந்து கடற்படைக்கு

1906 டிசம்பர் 9-ல் நியூயார்க்கில் பிறந்தார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். வாஸர் கல்லூரியில் கணக்கு ஆசிரியை.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம், எடை குறைவு என்று தடை இருந்தது. சிறப்பு அனுமதி வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது 51 அடி நீளமுள்ள 'மார்க் 1' கணினி. துளையிட்ட காகித நாடாவில் கட்டளை கொடுத்தால் கணக்குப் போடும்.

நோட்டில் இருந்த புரோகிராம்

ஒவ்வொரு கணக்குக்கும் சைன், கொசைன், வர்க்கமூலம் எல்லாம் திரும்பத் திரும்ப தேவைப்பட்டது. அதனால் ஹாப்பரும் சக ஊழியர்களும் சரியாக ஓடிய துண்டுகளை நோட்டில் எழுதி வைத்தார்கள். ஒருவருக்குத் தேவைன்னா இன்னொருவர் நோட்டை வாங்கி, பார்த்து எழுதிக்கொள்வார். இன்றைய காப்பி-பேஸ்ட்தான், ஆனால் கையால்!

அப்போ சிக்கல் எங்கே?

பார்த்து எழுதும்போதுதான். ஒரு துண்டு 0-வது இடத்தில் தொடங்குவதாக நோட்டில் இருக்கும். புது புரோகிராமில் அது 300-வது இடத்தில் வருதுன்னா, துண்டில் உள்ள முகவரிகளோடு 300-ஐக் கூட்டி எழுதணும். கூட்டலில் தப்பு வரும். 'பி' என்ற எழுத்து 13 ஆகிவிடும். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் மொத்தக் கணக்கும் போச்சு.

ஹாப்பர் யோசித்தது இதுதான்: மனுஷன் காப்பி எடுப்பதிலும் கூட்டுவதிலும் தப்பு செய்கிறான். அந்த இரண்டையும் தப்பில்லாமல் செய்யத்தானே மெஷின் இருக்கு?

'ஏ-0' பிறந்தது

1949-ல் ஹார்வர்டை விட்டு, 'யூனிவாக்' கணினியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்தார். துண்டுகளை எல்லாம் காந்த நாடாவில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். புரோகிராம் எழுதுபவர் எண்ணை மட்டும் குறிப்பிட்டால் போதும். துண்டைத் தேடி எடுப்பது, முகவரியை மாற்றுவது, கோர்ப்பது எல்லாம் மெஷின் வேலை. 'ஏ-0' என்ற இந்த கம்பைலர் 1952 வாக்கில் ஓடத் தொடங்கியது.

ஆனால் பலர் நம்பவில்லை. கணினி கணக்கு மட்டும்தான் போடும், புரோகிராம் எழுதாது என்றே அப்போது நினைத்தார்கள்.

அவர் விடவில்லை. அடுத்து, ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை கொடுக்கும் 'ஃப்ளோ-மேட்டிக்' மொழியை அவரது குழு உருவாக்கியது. 1959-ல் ஒரு குழு வடிவமைக்கத் தொடங்கிய 'கோபால்' மொழிக்கு இதுவே முக்கிய அடித்தளம். ஹாப்பர் அந்தக் குழுவின் ஆலோசகர். இன்றும் பல வங்கிகளின் பழைய கணினி அமைப்புகளில் கோபால் ஓடிக்கொண்டிருக்கு.

அந்துப்பூச்சி கதை உண்மையா?

கணினிக்குள் பூச்சியைப் பிடித்து, 'பக்' என்ற சொல்லையே உருவாக்கியவர் ஹாப்பர் என்று ஒரு கதை சுற்றுது. பாதிதான் உண்மை. 1947 செப்டம்பர் 9-ல் 'மார்க் 2' கணினியில் அந்துப்பூச்சி சிக்கியது நிஜம். அதைப் பதிவேட்டில் ஒட்டியும் வைத்தார்கள். ஆனால் கண்டுபிடித்தது ஹாப்பர் இல்லை. இயந்திரக் கோளாறை 'பக்' என்று சொல்வதும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்த வழக்கம். அந்தக் கதையை மேடை மேடையாகச் சொல்லிப் பிரபலமாக்கியவர்தான் அவர்.

ஆறு மாதம் என்றார்கள்... 1986 வரை நீண்டது

1966 கடைசியில் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. அடுத்த ஆண்டே ஆறு மாத வேலை என்று திரும்ப அழைத்தது. இடையில் மறுபடி ஓய்வு, மறுபடி அழைப்பு! ஒருவழியாக 1986-ல், 79 வயதில், ரியர் அட்மிரலாக விடைபெற்றார். 1992 ஜனவரி 1-ல் காலமானார். ஒரு போர்க்கப்பல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2016-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கமும் அறிவிக்கப்பட்டது.

இன்று புரோகிராமின் முதல் வரியில் ஒரு லைப்ரரியின் பெயரை எழுதினால், மீதியை மெஷினே கொண்டுவந்து சேர்க்கிறது. 1952-ல் அந்தப் பெயரின் இடத்தில் ஓர் எண் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.