தோடிக்கு ஒரு ராஜரத்தினம்

காரைக்காலுக்குத் தென்மேற்கே, வயல்களுக்கு நடுவே, திருமருகல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பாம்பு கடித்து மாண்ட வணிகனைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பிய தலம் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்த ஊரில் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் குப்புசாமிப் பிள்ளை. தாயார் கோவிந்தம்மாள். குழந்தைக்கு இட்ட பெயர் பாலசுப்பிரமணியன்.

அந்தப் பெயரைச் சொன்னால் இன்று யாருக்கும் தெரியாது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்று சொன்னால் போதும், வயதானவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் குழந்தைதான் இவர்.

அவர் பிறந்த நாளில் திருமருகல் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1954-ஆம் ஆண்டு வரை இந்த நிலைதான். எல்லையில் சுங்கச் சாவடி உண்டு. சாமான் கொண்டு போனால் சோதனை போடுவார்கள். சங்கீதத்துக்கு மட்டும் சோதனை கிடையாது. திருநள்ளாற்றிலே சுவாமி புறப்பட்டாலும், ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா நடந்தாலும், முன்னால் நாயனமும் தவிலும் போக வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலும் அப்படியேதான்.

சுவாமி புறப்படும்போது மல்லாரி. பிறகு வீதி வீதியாக ராகம். நள்ளிரவு தாண்டியும் வாசிப்பு நடக்கும். டிக்கெட் இல்லை, நாற்காலி இல்லை. ஊரே கூட நடந்து கேட்கும். படிப்பு இல்லாத விவசாயிகூட இது தோடி, இது காம்போதி என்று சொல்லிவிடுவான். காவிரிக் கரையில் அப்படி ஒரு காலம் இருந்தது.

ஆனால் வாசித்தவர்களின் நிலை என்ன?

நாயனக்காரர் மார்பை மூடக்கூடாது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்தில் பாட்டு வித்துவானுக்கு மேடையும் ஜமுக்காளமும் போடுவார்கள். நாயனக்காரருக்குப் பந்தலில் ஓர் ஓரம். ஊர்வலத்தில் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் ஊத வேண்டும். சாப்பாட்டுப் பந்தியிலும் தனி இடம். எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் இதுதான் வழக்கம். யாரும் அதைத் தவறு என்றுகூட நினைக்கவில்லை.

நினைத்தவர் ராஜரத்தினம் பிள்ளை.

மாமன் வளர்த்த பிள்ளை

சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை அவரைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். நடேச பிள்ளை பெயர் பெற்ற நாதஸ்வர வித்துவான். திருவாவடுதுறை ஆதீனத்தில் வாசித்தவர். அந்த மடத்தின் நிழலில்தான் பையன் வளர்ந்தான். பாலசுப்பிரமணியன் என்ற பெயர் மறைந்து, ராஜரத்தினம் என்ற பெயர் நிலைத்தது. பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துக்களில் ஒன்று திருவாவடுதுறையைக் குறிக்கும். மற்றது நடேச பிள்ளையைக் குறிக்கும்.

முதலில் அவர் கற்றது நாயனம் அல்ல. பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் சங்கீதம் பயின்றார். வாய்ப்பாட்டுக் கச்சேரிகளும் செய்தார். நாயனத்தைக் கையில் எடுத்தது அதற்குப் பிறகுதான். பின்னால் அவர் குழலிலிருந்து வந்த ராகம் ஒரு பாடகர் தொண்டையிலிருந்து வருவதுபோல இருந்தது என்றால், அதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

நாதஸ்வரம் லேசான வாத்தியம் அல்ல. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த குழல். வாயில் வைக்கும் சீவாளி, காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையில் செய்வது. துளைகளை விரலால் மூடித் திறந்தால் மட்டும் சுரம் பேசாது. மூச்சையும் உதட்டையும் அளந்து கொடுக்க வேண்டும். ஒரு நூல் பிசகினால் அபசுரம். பிள்ளை அதை வைத்துக்கொண்டு ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார். ஒரு முறை வந்த பிடி மறுபடி வராது.

சட்டையும் கிராப்பும்

பேர் வரத் தொடங்கியதும் அவர் செய்த முதல் காரியம், குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டது. சில்க் சட்டை போட்டார். ஷெர்வானி போட்டார். காதில் வைரக் கடுக்கன் மின்னும். கழுத்தில் சங்கிலி தொங்கும். நாயனக்காரன் சட்டை போடுவதா என்று கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டையோடு வாசிக்கக்கூடாது என்றால் வாசிப்பே கிடையாது என்று எழுந்துவிடுவார்.

அடுத்து மேடை. பாட்டு வித்துவானுக்குப் போடுகிற மேடை தமக்கும் வேண்டும் என்றார். உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். அவருடைய வாசிப்பை விட மனமில்லாதவர்கள் மேடை போட்டார்கள். ஒரு முறை போட்ட மேடையைப் பிறகு எடுக்க முடியவில்லை. மற்ற நாயனக்காரர்களும் அதில் ஏறினார்கள்.

மேடையில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? வாத்தியமும் மேடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் அல்லவா? அந்த நாள் நாயனத்துக்குத் திமிரி என்று பெயர். குட்டையான குழல். சுருதி மிக உயரம். நாலு வீதிக்குக் கேட்கும். ஆனால் கூரைக்குக் கீழே வாசித்தால் காதைத் துளைக்கும். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி என்ற கைகாரர் இருந்தார். அவர் நீளமான குழலைக் கடைந்து சுருதியை இறக்கினார். அதுதான் பாரி நாயனம். சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசும்படி துளையையும் சீர்செய்தார். பாரியில் துளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். விரல் எட்ட வேண்டும். மூச்சும் கூடுதலாக வேண்டும். பிள்ளை அதையே தம் வாத்தியமாக்கிக்கொண்டார். பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதுகிற வழக்கத்தை விட்டு, தம்பூராவை வைத்துக்கொண்டார்.

இன்று எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கேட்பது பெரும்பாலும் பாரிதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ஆம் ஆண்டு அரசாங்கத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடைந்தவர் ஆசாரி. ஊர் ஊராக அதை ஒலிக்கச் செய்தவர் பிள்ளை. இருவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தோடி

எல்லா ராகமும் வாசித்தார். ஆனாலும் தோடி என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி என்று ஆகிவிட்டது. கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். இரவு முழுதும் வாசிக்கிற மனிதர் மூன்று நிமிஷத்தில் என்ன செய்வார்? ஆனால் அந்தத் தட்டுகள்தான் காப்பிக் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் சுழன்றன. கடல் தாண்டி இலங்கைக்கும் போயின. பின்னால் அவரே போனார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு இருந்த ரசிகர் கூட்டம் தஞ்சாவூருக்குக் குறைந்தது அல்ல.

பாடகர்கள்கூட அவர் வாசிப்பைக் கேட்டுப் பாடம் செய்தார்கள். நாதஸ்வரத்துக்கு உரிய பிருகாக்களைக் குரலில் கொண்டுவந்த ஜி.என்.பாலசுப்பிரமணியம் அவர்களில் முக்கியமானவர். தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சேர்ந்துவிட்டால், அந்த இரவு ஊர் தூங்காது.

சினிமாவும் அவரை விடவில்லை. 1940-ஆம் ஆண்டு வந்த காளமேகம் படத்தில் கவி காளமேகமாக நடித்தார். படத்தை எடுத்த டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காக்காரர். படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. பிள்ளை மறுபடி நாயனத்துக்கே வந்தார். நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி இந்தியா விடுதலை பெறும் இரவு வந்தது. திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து தம்பிரான் ஒருவர் தங்க முலாம் பூசிய செங்கோலுடன் டில்லிக்குப் போனார். அவர்களோடு ஆதீன வித்துவானாகிய ராஜரத்தினம் பிள்ளையும் போனார். நேருவின் வீட்டுக்கு அவர்கள் ஊர்வலமாகச் சென்றபோது முன்னால் ஒலித்தது இவருடைய நாயனம்தான். திருமருகலில் பிறந்த பிள்ளை டில்லி வீதியில் வாசித்தார். அன்றைக்கு நடந்துகொண்டு வாசிக்க அவர் ஆட்சேபிக்கவில்லை போலும்! அந்தச் செங்கோல் பல ஆண்டுகள் அலகாபாத் அருங்காட்சியகத்தில் கிடந்தது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் புதிய பாராளுமன்றத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

வந்த பணமும் போன பணமும்

பணம் மழையாகக் கொட்டியது. கொட்டிய வேகத்தில் ஓடியது. கார் வாங்கினார். வைரம் வாங்கினார். வீட்டில் எப்போதும் பந்தி நடக்கும். கேட்டவர்களுக்குக் கொடுப்பார். கேளாதவர்களுக்கும் கொடுப்பார். நாளைக்கு என்று ஒரு ரூபாய் எடுத்து வைக்கத் தெரியாது. பல முறை திருமணம் செய்துகொண்டார். பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. மதுப் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

அதைவிடப் பெரிய சங்கடம், கச்சேரிக்கு வருவாரா மாட்டாரா என்பது. முன்பணம் வாங்கியிருப்பார். பந்தல் போட்டிருக்கும். ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து காத்திருப்பார்கள். பிள்ளை வரமாட்டார். அல்லது நடுராத்திரியில் வருவார். கல்யாணம் நடத்துகிறவர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பார். பெண்ணைப் பெற்றவர் எத்தனை பேர் அவரால் தவித்தார்களோ, கணக்கு இல்லை. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை மறைக்கக்கூடாது. மரியாதை கேட்பது வேறு. காத்திருக்கிறவரை வாட்டுவது வேறு. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது.

ஆனால் ஒன்று. கோபித்துக்கொண்டு எழுந்து போகத் துடித்தவர்கள்கூட, அவர் வந்து உட்கார்ந்து சீவாளியை நனைத்து முதல் சுரத்தைப் பிடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த வருஷத் திருவிழாவுக்கும் அவரையே அழைப்பார்கள்.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தைத் தாமே தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். அகங்காரம் என்றார்கள். உண்மைதான், அகங்காரம்தான். இடுப்பில் துண்டைக் கட்டு என்று சொல்லப்பட்ட குலத்திலிருந்து வந்தவர் தமக்குத் தாமே முடி சூட்டிக்கொண்டார். அடக்கமாக இருந்த நாயனக்காரர்களுக்கு அதுவரை யார் மேடை போட்டார்கள்?

திருநெல்வேலிச் சீமையில் காருகுறிச்சி என்ற ஊரிலிருந்து அருணாசலம் என்ற இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது நாயனம் வாசித்தார். குருவின் வாசிப்பை அப்படியே வாங்கிக்கொண்டார். குருவின் குணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கொஞ்சும் சலங்கை படத்தில் நாயனம் வாசித்து வீடுதோறும் அறிமுகமானவர் இந்தக் காருகுறிச்சி அருணாசலம்தான். பிள்ளை சேர்த்து வைத்த ஒரே சொத்து என்று இவரைச் சொல்லலாம்.

மத்திய சங்கீத நாடக அகாடமியின் விருது பிள்ளைக்குக் கிடைத்தது. ஆனால் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் அவருக்கு வரவே இல்லை.

கடைசி நாட்களில் உடல் தளர்ந்தது. இதயம் பழுதுபட்டது. கையில் பணம் இல்லை. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 58. லட்சக்கணக்கில் சம்பாதித்தவர் என்று ஊர் சொன்ன மனிதர், ஏழையாகவே போனார்.

அது மார்கழி சங்கீத சீஸன் தொடங்குகிற நேரம். அந்த 1956-ஆம் ஆண்டுதான், முதல் முதலாக ஒரு நாயனக்காரருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. பெற்றவர் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை. தகுதியானவர், சந்தேகம் இல்லை. அவரும் அவருடைய சகோதரரும் சேர்ந்து வாசித்த கீர்த்தனைகளுக்கு ஈடு கிடையாது. பாதை போட்டவர் அதைப் பார்க்க இல்லை.

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் பெயரால் ஒரு கலையரங்கம் எழுந்தது. அந்தத் தோடியோ தட்டிலிருந்து நாடாவுக்கு மாறி, நாடாவிலிருந்து இப்போது கைப்பேசிக்கு வந்திருக்கிறது. மூன்று நிமிஷம் ஓடித் திடீரென்று நிற்கும். ராகம் முடிந்ததால் அல்ல, தட்டு முடிந்ததால்.