கரியை எரித்து வென்றவர்

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தும் நம்மில் எத்தனை பேருக்கு யூஜின் ஹூட்ரியைத் தெரியும்? 1892-இல் பாரிஸ் அருகே டோமோன் ஊரில் பிறந்தவர். படித்தது மெக்கானிக்கல். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் காயம்பட்டவர். கார் ரேஸ் என்றால் உயிர்! ரேஸ் காருக்கு நல்ல பெட்ரோல் வேணுமே என்ற கவலைதான் மனுஷனை வேதியியலுக்குள் இழுத்து வந்தது.

அன்று கனமான எண்ணெயை வெறும் சூட்டால்தான் உடைத்துப் பெட்ரோலாக்கினார்கள். ஹூட்ரி வினையூக்கிகளைத் தேடினார். 1927-இல் சிலிக்கா-அலுமினா கலந்த களிமண் கைகொடுத்தது. ஆனால் சில நிமிஷத்திலேயே கரி படிஞ்சு அது செத்துப்போகும். ஹூட்ரி விடவில்லை. காற்றைச் செலுத்தி அந்தக் கரியையே எரித்தார். வினையூக்கி மீண்டும் உயிர்பெற்றது.

நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க பிரான்சில் அவர் தொடங்கிய ஆலை கட்டுப்படியாகாமல் மூடப்பட்டது. 1930-இல் அமெரிக்கா போனார். 1937-இல் சன் ஆயில் நிறுவனத்தின் மார்கஸ் ஹூக் ஆலையில் எண்ணெயில் ஏறக்குறைய பாதி உயர் ஆக்டேன் பெட்ரோலானது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்கள் பறக்க இம்முறை பெரிதும் உதவியது.

பிற்காலத்தில் வாகனப் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியை உருவாக்கினார். பெட்ரோலில் கலந்த ஈயம் அதைக் கெடுத்தது. 1962-இல் மறைந்தார். 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் அந்தக் கருவி பரவலாக வந்ததை அவர் பார்க்கவில்லை.

லேபில் ரிசல்ட் வரலையேன்னு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, படிந்த கரியைக் கொஞ்சம் எரித்துப் பாருங்கள்!