ஸ்ரீமாந் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் அவர் கொண்ட துணிவும்

ஒருவர் தம் மனத்திலே ஒரு பெருங்காரியத்தை எண்ணுதல் அரிதன்று. எண்ணியதைச் செய்யப் புகுதலே அரிது. எண்ணுங்காலத்தில் முன்வாராத தடைகள் செய்யப் புகுங்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். உத்தியோகம் ஒரு தடை. குடும்பம் ஒரு தடை. பொருளின்மை ஒரு தடை. வயசு ஒரு தடை. இவை யாவற்றினும் பெரிய தடை, பிறர் குற்றங்கூறுவரே என்னும் அச்சம். இவ்வச்சம் கல்லாதாரினும் கற்றாரையே மிகுதியும் பற்றும். கெடுமே என்று அஞ்சுதற்குரிய பெயர் கற்றாரிடத்தன்றோ உளது. இதனை வென்று, தாம் எண்ணியதை எண்ணியவாறே முயன்று முடித்த ஒருவருடைய சரித்திரத்தை, நம் சைவவித்தியாசாலை உபாத்தியாயர்கள் சிந்திக்கும்பொருட்டு ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்னும் ஊரிலே, 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் தேதி, வைரவநாதபிள்ளைக்குப் புத்திரராகப் பிறந்தவர் தாமோதரம்பிள்ளையவர்கள். இளமையிலே தெல்லிப்பழை அமெரிக்க மிசன் பாடசாலையிற் கற்று, 1844ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைச் சாத்திரசாலையிற் சேர்ந்தார். ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் பிற மேனாட்டுக் கலைகளும் அங்கே நன்கு கற்பிக்கப்பட்டன. எட்டாண்டு கற்று 1852ஆம் ஆண்டு அச்சாலையினின்றும் வெளிப்போந்தார். இவற்றோடு, சுன்னாகம் முத்துக்குமார கவிராயரை அடுத்து இலக்கண இலக்கியங்களும் பயின்றார். ஒரு கையிலே மேனாட்டுக் கணிதமும் மற்றொரு கையிலே பனையோலையுமாக வளர்ந்தவர் இவர் எனலாம். மிசன் பாடசாலையிற் கற்ற எம்போல்வாருக்கு இவர் சரித்திரம் சிறப்பாக உரியதாதல் இதனாலேயாம். கிறித்தவச் சூழலில் வளர்ந்த இவர், பின்னர்ச் சைவசமயத்தைத் தழுவி, சைவ மகத்துவம் என்னும் நூலையும் இயற்றினார். ஆயினும், தமக்குக் கல்வி தந்தோரிடத்துப் பெற்ற நன்மையை அவர் வீணாக்கவில்லை. பிரதிகளை ஒப்புநோக்குதல், காரணங் காட்டி முடிவு கூறுதல் என்னும் அப்பயிற்சியையே தமிழுக்குத் தொண்டாக்கினார்.

கோப்பாயிலே ஆசிரியராக அமர்ந்திருந்த காலத்தில், 1854ஆம் ஆண்டு, நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டு வெளிப்படுத்தினார். அப்பொழுது அவருக்கு வயசு இருபத்திரண்டளவே. அதன்பின், பேர்சிவல் பாதிரியார் அழைப்பின்படி சென்னைக்குச் சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராயினார். இராசதானிக் கல்லூரியிலே தமிழாசிரியராகவும் இருந்தார். 1857ஆம் ஆண்டு சென்னைச் சர்வகலாசாலை தாபிக்கப்பட்டது. அதன் முதற் பீ. ஏ. பரீட்சையிலே தேறினார் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் நம் தாமோதரம்பிள்ளை. கள்ளிக்கோட்டையிலே இராசாங்க பாடசாலை உத்தியோகம், பின்பு சென்னையிலே கணக்குப் பகுதி உத்தியோகம், 1871ஆம் ஆண்டு பீ. எல். பட்டம், கும்பகோணத்திலே நியாயவாதித் தொழில், 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நியாயாதிபதி பதவி என இவ்வாறு அவருடைய உலகவாழ்க்கை படிப்படியாக உயர்ந்தது. 1895ஆம் ஆண்டு இராவ்பகதூர்ப் பட்டமும் வந்தது.

இவ்வளவோடு நின்றிருப்பின், உத்தியோகத்தில் உயர்ந்த பலருள் ஒருவராக அவர் மறக்கப்பட்டிருப்பார். அவர் உள்ளத்தினுள்ளே வேறோர் எண்ணம் நெடுங்காலமாகக் குடிகொண்டிருந்தது. பழந்தமிழ் நூல்கள் அழியுமுன் அவற்றை அச்சேற்றல் வேண்டும் என்பதே அது. அதனை அவருக்கு ஒருவரும் ஏவவில்லை, அதற்கு வேதனம் இல்லை, இலாபமும் இல்லை. கணக்கேடுகளுக்கும் வழக்கேடுகளுக்கும் இடையே கிடைத்த பொழுதையே அதற்குச் செலவிட்டார்.

அக்காலத்து ஏட்டுப்பிரதிகளின் நிலை இன்றைய ஆசிரியர்களிற் பலர்க்குத் தெரியாதிருத்தல் கூடும். பனையோலை சில தலைமுறைக்குள்ளே பழுதுபடும். மறுபடி எழுதுவாரில்லாவிடின் நூலே மாயும். கட்டை அவிழ்க்க ஓரம் ஒடியும்; ஏட்டைப் புரட்டச் சிதறும்; எஞ்சியவற்றிலும் செல்லும் பூச்சியும் எழுத்தைத் தின்றிருக்கும். ஏடெழுதுவோர் மெய்க்குப் புள்ளியிடார். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை காட்டார். காலும் ரகரமும் ஒருவடிவாகவே நிற்கும். சூத்திரம் எது, உரை எது, மேற்கோள் எது என்று பிரித்தறிதற்கும் அடையாளம் இராது. ஆகவே ஒரு சொல்லை ஐந்தாறு விதமாகப் படித்தல் கூடும். எது ஆசிரியர் கொண்ட பாடம் என்று துணிதற்கு, பல பிரதிகளும் வேண்டும். பரந்த நூலுணர்ச்சியும் வேண்டும். ஓரிடத்திலேயே நாட்கணக்காக நின்று சிந்திக்கும் பொறுமையும் வேண்டும். அவ்வாறு துணிந்தபின்னும் பிழை நேர்தல் தப்பாது.

இங்கேதான் அச்சம் வந்து தலைப்படுகின்றது. இவரினும் மிகுந்த புலமையுடையார் அந்நாளிலே சிலர் இருந்தனர். ஆயினும், அச்சிட்டபின் யாரேனும் ஒரு வழுவை எடுத்துக்காட்டுவராயின் தம் புகழ் குன்றுமே எனப் பலர் வாளாவிருந்தனர். வாயாற் சொல்லும் பாடத்திலுள்ள பிழை காற்றோடு போம். அச்சிட்ட பிழையோ எல்லார் கையிலும் என்றும் நிற்கும். இதனைத் தாமோதரம்பிள்ளையவர்கள் அறியாதவரல்லர். தம் பதிப்புரைகளிலே மறையாது எழுதியும் இருக்கின்றனர். அறிந்தே முன்வந்தனர். தம்மினும் வல்லார் வருவர் என்று காத்திருக்குந் தோறும் ஏடு அழிகின்றது. பிழையொடு கூடியாயினும் நூல் உளதாயிற் பின்வருவோர் திருத்துவர். நூலே இலதாயின் எதனைத் திருத்துவர்? இதுவே அவர் கொண்ட நியாயம்.

முதலிலே அவர் தனித்துப் புகவில்லை. 1868ஆம் ஆண்டு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு வெளியிட்டபோது, நல்லூர் ஆறுமுகநாவலரவர்களைக் கொண்டு பரிசோதிப்பித்தார். தகுதியுடைய பெரியார் ஒருவர் இருக்கும்வரை அவர் துணையை நாடுதல் துணிவுக்கு இழுக்கன்று, அதுவே அறிவுடைமையாம். 1879ஆம் ஆண்டு நாவலரவர்கள் சிவபதமடைந்தார்கள். அதன்பின் தாங்குவாரின்றி நின்ற பாரத்தைத் தாமே தோளிலேற்றினார். 1881ஆம் ஆண்டு வீரசோழியம் வெளிவந்தது. 1883ஆம் ஆண்டு இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும் வெளிவந்தன.

இறையனாரகப்பொருளுரை கூறும் வரலாற்றை உபாத்தியாயர்கள் அறிவார்கள். பாண்டிநாட்டிலே பன்னீராண்டு பஞ்சம் நீங்கியபின், எழுத்தும் சொல்லும் வல்லாரைக் கண்ட அரசன், பொருளதிகாரம் வல்லாரைக் காணாது வருந்தினான் என்பது அது. பிள்ளையவர்கள் காலத்திலும் அவ்வருத்தம் மெய்யாகவே இருந்தது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியருரையோடு மழவை மகாலிங்கையர் 1847ஆம் ஆண்டே அச்சிட்டிருந்தார். சொல்லதிகாரம் 1868இல் வந்தது. பொருளதிகாரமோ கற்பாரும் கற்பிப்பாரும் அரிதாகி, பிரதிகளும் அருகி, மறையுந் தருவாயில் இருந்தது. அதனை நாடிப் பல இடங்களிலிருந்தும் சிதைந்த பிரதிகளை வருவித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1885ஆம் ஆண்டு வெளியிட்டார்.

அப்பதிப்பு குற்றமற்றதா எனின், அன்று. உரைமுழுவதும் நச்சினார்க்கினியருடையது என்றே அவர் கொண்டு அச்சிட்டார். மெய்ப்பாட்டியல் முதலிய இறுதி நான்கியல்களுக்கும் அதிலுள்ள உரை பேராசிரியருடையது எனப் பிற்கால அறிஞர் ஆராய்ந்து நிறுவினர். இன்று அதனை யாவரும் ஒப்புவர். ஆனால் அவ்வறிஞர் எதனைக் கொண்டு ஆராய்ந்தனர்? தாமோதரம்பிள்ளையவர்கள் அச்சிட்ட அப்புத்தகம் கையிலிருந்தமையாலன்றோ அவ்வாராய்ச்சி எளிதாயிற்று. பிழைக்கு அஞ்சி அவர் வாளாவிருந்தனராயின், திருத்துவார்க்கும் திருத்துதற்கு ஒன்று இருந்திராது. அவர் துணிவின் பயனை இதனினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

1887ஆம் ஆண்டு கலித்தொகையை வெளியிட்டார். எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அதுவே. அக்காலத்துக் கும்பகோணத்திலே கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரவர்களும் ஏட்டாராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார்கள். சீவகசிந்தாமணியை வெளியிடும் விருப்பம் இருவர்க்கும் இருந்தது. ஐயரவர்கள் அதனைத் தாமே வெளியிடுதல் வேண்டும் என்பதில் உறுதியாக நின்று, அதே 1887ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். விரும்பிய நூலொன்று தம் கையினின்றும் போயிற்றே என்று பிள்ளையவர்கள் தம் முயற்சியைக் கைவிட்டாரல்லர். 1889ஆம் ஆண்டு இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891ஆம் ஆண்டு தொல்காப்பிய எழுத்ததிகார நச்சினார்க்கினியமும், 1892ஆம் ஆண்டு சொல்லதிகார நச்சினார்க்கினியமும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. வீரசோழியம் பௌத்தர் இயற்றிய இலக்கணம், சூளாமணி சைனகாவியம். சைவராகிய ஒருவர் புறச்சமயத்தார் நூலுக்கு உழைத்தல் தகுமோ என வினவுவார் எக்காலத்தும் உளர். பிள்ளையவர்கள் தணிகைப்புராணத்தையும் வெளியிட்டார், சூளாமணியையும் வெளியிட்டார். முன்னதனாற் பின்னது தடைப்படவில்லை. பின்னதனால் அவருடைய சைவப்பற்றும் குறையவில்லை. அயலார் குற்றங்கூறுதலைப் பொறுத்தல் ஒருவகைத் துணிவு; தம்மவர் குற்றங்கூறுதலைப் பொறுத்தல் அதனினும் அரிய துணிவாம்.

இன்னும் ஒன்று கூறுவேம். மேற்கூறிய ஆண்டுகளை அவருடைய வயசோடு வைத்து எண்ணுக. 1854இல் நீதிநெறி விளக்கம். அதன்பின் பதினான்காண்டு கழிந்து சொல்லதிகாரம். அதன்பின்னும் பதின்மூன்றாண்டு கழிந்து வீரசோழியம். இந்நெடுங்காலம் முழுவதும் உத்தியோகமும் குடும்பமும் அவரைப் பற்றியே இருந்தன. எண்ணம் மாத்திரம் அவியாது, நீறுபூத்த நெருப்புப்போல உள்ளே இருந்தது. இறையனாரகப்பொருள், தணிகைப்புராணம் முதலாகப் பின்வந்த எட்டுப் பதிப்புக்களும் அவர் ஐம்பதாம் வயசை எய்தியபின் வெளிவந்தவை. உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்றார் திண்ணையிற் சாய்ந்திருக்கும் பருவத்திலே, அவர் தம் வாழ்நாளின் தலைசிறந்த கருமத்தைத் தொடங்கினார் எனலாம். காலம் கழிந்துவிட்டதே என்று நெட்டுயிர்ப்பார் இதனை மறவாதிருத்தல் நன்று.

பிறந்த நாட்டையும் அவர் மறந்தவரல்லர். ஏழாலையிலே சைவப்பிள்ளைகள் கற்கும்பொருட்டு ஒரு வித்தியாசாலை தாபித்தார். சுன்னாகம் குமாரசுவாமிப்புலவர் அங்கே ஆசிரியராயிருந்து பலரைத் தமிழறிஞராக்கினர். பாடசாலைகளுக்கு உபயோகமாக வாசக புத்தகங்களும் பிள்ளையவர்கள் எழுதினார். இவ்வாறு வாழ்ந்தவர், 1901ஆம் ஆண்டு சனவரி மாதம் 1ஆந் தேதி சென்னையிலே தேகவியோகமானார்.

உபாத்தியாயர்களே, நம்முள்ளும் ஒவ்வொருவருக்கும் ஓரோர் எண்ணம் உண்டு. தம் ஊர்க் கோயில் வரலாற்றை எழுதவேண்டும் என்பார் ஒருவர். பிள்ளைகளுக்கு இனிய நடையில் ஓர் இலக்கணச் சுருக்கம் செய்யவேண்டும் என்பார் ஒருவர். முறையாகத் திருமுறைப் பண் பயிலவேண்டும் என்பார் ஒருவர். விட்ட பரீட்சையை மறுபடி எழுதவேண்டும் என்பார் மற்றொருவர். வகுப்பு முடிந்து வீடு திரும்புகையில் அவ்வெண்ணம் எழுகின்றது. பிறர் நகுவரே என்னும் நினைவு வந்து அதனை அடக்கிவிடுகின்றது. தாமோதரம்பிள்ளையவர்களுக்கும் அந்நினைவு வந்தது. உத்தியோகத்தை எறிந்துவிட்டு ஓடும் வீரமும் அவர் காட்டவில்லை. தம் கடமையைச் செய்துகொண்டே, கிடைத்த பொழுதிலே, கிடைத்த பிரதியைக் கொண்டு, தம்மாலியன்ற அளவு திருத்தமாகச் செய்து, செய்ததை உலகின்முன் வைத்தார். குறைகூறுவார் கூறுக, திருத்துவார் திருத்துக என்று அமைந்தார்.

மாணாக்கன் பிழைக்கு அஞ்சிச் சிலேட்டில் எழுதாதிருப்பின், எழுதினாலன்றோ திருத்தலாம் என நாமே அவனுக்குச் சொல்லுகின்றோம். அச்சொல்லை நமக்கும் ஒருமுறை சொல்லிக்கொள்ளல் வேண்டும். ஏடு நம்பொருட்டுக் காத்திராது. எண்ணியதைத் தொடங்குதற்கு வேண்டுந் துணிவைத் திருவருள் எல்லார்க்கும் நல்குக.