நெருப்புக் குச்சிகளை ஆடவைத்தவர்

தலைமன்னாரில் வெளிச்சவீட்டைக் கடந்து, கடல் வற்றி மணல் தலைகாட்டும் இடத்தில் நின்று மேற்கே நோக்கினால், வெண்ணிறத் தீடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். சேதுவென்றும் ஆதாம் பாலமென்றும் உலகம் அழைப்பது இவற்றைத்தான். சோழகம் வீசிய காலத்தில் ஓரிடத்திலிருந்த தீடை, வாடை தொடங்கிச் சில வாரங்களில் சற்று ஒதுங்கியிருக்கும். அது நகர்வதை எவரும் கண்டதில்லை. நகர்ந்திருப்பதை மட்டுமே காண்கிறோம்.

சித்திர ஆசிரியனாக நான் பணிபுரிந்த காலத்தில், சித்திரங்களை எவ்வாறு நடமாட வைக்கிறார்கள் என்று மாணவர் கேட்கும்போதெல்லாம் இந்தத் தீடையையே எடுத்துக்காட்டுவேன். அசையாத நிலைகள் பலவற்றை விரைவாக வரிசைப்படுத்திக் காட்டினால், இடையிலுள்ள அசைவைக் கண் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். உயிரூட்டுப் படம் என்னும் கலையின் இரகசியம் முழுவதும் அவ்வளவே. ஆனால், அந்த நிலைகளை ஒவ்வொன்றாக அமைக்கும் மனிதனின் பொறுமைக்குத்தான் அளவு சொல்ல முடியாது.

இந்தச் சேதுவைக் கட்டிய கதையையே தமது இறுதி மௌனப்படமாக எடுத்தவர் தாதாசாகிப் பால்கே. இந்தியச் சினிமாவின் தந்தையென அவரை எல்லோரும் அறிவர். எனக்கோ அவர் முதலில் ஒரு சித்திரக்காரர். அதன்பின் நெருப்புக் குச்சிகளை ஆடவைத்தவர். அதற்குப் பின்னரே மற்றெல்லாம்.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆந் திகதி, நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்தார். தந்தையார் வடமொழிப் பண்டிதர். பம்பாயிலுள்ள ஜே. ஜே. ஓவியக் கல்லூரியிலும் பின்னர் பரோடாவின் கலாபவனத்திலும் பயின்று, தைல வண்ணம், நீர்வண்ணம், சிற்பம், புகைப்படம் என்று கைக்கு எட்டிய கலைகளையெல்லாம் கற்றார். கோத்ராவில் புகைப்படக்காரராகத் தொழில் நடத்தியபோது கொள்ளைநோய் வந்து மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிற்று. பரோடாவுக்குத் திரும்பி மீண்டும் தொழில் தொடங்கினால், புகைப்படக் கருவி உடலின் சக்தியை உறிஞ்சிவிடும் என்ற வதந்தி பரவி வாடிக்கையாளரை விரட்டியது. பின்னர் ஜாலவித்தை கற்றார்; நாடகத் திரைகள் தீட்டினார்; 1903-இல் தொல்பொருள் ஆய்வுத் திணைக்களத்தில் வரைபடக்காரராகவும் புகைப்படக்காரராகவும் அமர்ந்தார். அதையும் விட்டு அச்சுத் தொழிலில் இறங்கினார்.

இந்த அச்சுத் தொழிலைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். இரவிவர்மாவின் ஓவியங்கள் வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கியதற்குக் காரணம் வண்ணக் கல்லச்சு. அந்த அச்சகத்துக்காகப் பால்கே பணிபுரிந்தார். பிறகு சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். வண்ண அச்சின் நுட்பம் அறிய 1909-இல் ஜெர்மனிக்கும் சென்றார். கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல். ஒரே தாள் பல கற்களின்மீது பதியவேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் இலக்குமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருத்தும் பழக்கமே பிற்காலத்தில் அவரைச் சலனப்படக்காரராக ஆக்கியது என்பது என் துணிபு. அவருடைய வரலாற்றை எழுதுவோர் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

கூட்டாளிகளுடன் மனம் ஒவ்வாமல் அச்சுக்கூடத்தை விட்டு வெளியேறியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அக்காலத்தில் பம்பாயின் கொட்டகையொன்றில் இயேசுநாதரின் வாழ்க்கைப் படத்தைக் கண்டார். நம் தெய்வங்களும் இவ்வாறு திரையில் நடமாடவேண்டும் என்ற எண்ணம் பற்றிக்கொண்டது. இரவு பகலாகப் படம் பார்த்தும் ஆராய்ந்தும் உறக்கம் கெட்டு, சிறிது காலம் கண்பார்வையையே இழந்தார். சிகிச்சையினால் பார்வை திரும்பிற்று. ஆயுட் காப்புறுதிப் பத்திரங்களை ஈடுவைத்துக் கடன் பெற்று, 1912-இன் தொடக்கத்தில் லண்டன் சென்று, வில்லியம்சன் கமராவுடன் திரும்பினார்.

திரும்பியவர் முதலில் எடுத்தது அரசனையுமல்ல, தெய்வத்தையுமல்ல. ஒரு பட்டாணிச் செடியை. தொட்டியில் விதையை ஊன்றிக் கமராவை அதன் முன் நிறுத்தி, ஒரு மாதத்துக்கு மேலாகச் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். திரையிலோ, ஒரு மாதத்து வளர்ச்சி இமைப்பொழுதில் முளைத்துக் கொடியாகிப் படர்ந்தது. அதைக் கண்ட பின்னரே பணம் கொடுக்க ஆள் முன்வந்தார். 1913 மே மாதம் 3-ஆந் திகதி பம்பாயில் ராஜா அரிச்சந்திரா வெளிவந்ததற்கு அந்தச் செடியே அச்சாரம். இரண்டாம் மனைவியாகிய சரஸ்வதிபாய் தம் நகைகளைக் கொடுத்தார். பிலிமின் ஓரங்களில் துளையிட்டார். இரவில் அதைக் கழுவினார். படப்பிடிப்பில் வெயிலைத் திருப்ப வெள்ளைத் துணியை ஏந்தி நின்றார். அத்தனை பேருக்கும் சமைத்தும் போட்டார். பெண்வேடம் புனையப் பெண்கள் கிடைக்காமல், உணவுக்கடையிலிருந்து சாளுங்கே என்னும் இளைஞரை அழைத்துவந்து தாராமதியாக்கிய கதை யாவரும் அறிந்ததே.

1914-இல் தம் படங்களுடன் மீண்டும் லண்டன் சென்றவரை அங்கேயே தங்கிப் படமெடுக்க அழைத்தார்கள். மறுத்துத் திரும்பினார். உடனே மகாயுத்தம் மூண்டது. பணம் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள், பிலிம் அருமைப்பொருளாயிற்று. பெரும் படத்துக்கு வழியில்லாத அந்த இடைவேளையில்தான், 1915-இல், நெருப்புக் குச்சிகளின் கேளிக்கை என்று பொருள்படும் மராத்திப் பெயருடன் அச்சிறு படத்தைச் செய்தார். பிரான்சில் எமில் கோல் என்னும் கேலிச்சித்திரக்காரர் 1908-இல் எடுத்த குச்சிப் படம் அதற்குத் தூண்டுகோல் என்பர். அமெரிக்காவில் வின்சர் மக்கே பல்லாயிரம் சித்திரங்களால் வரைந்த விலங்கு மேடையில் தோன்றியது 1914 பெப்ரவரியில். எங்கள் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டு. எழுதும்போது கண்ணில் பட்டதால் குறிக்கிறேன், வேறு தொடர்பு இல்லை.

குச்சிப் படம் எடுப்பது சொல்லுக்கு எளிது. கமராவை அசையாமல் பொருத்தவேண்டும். குச்சியை நெல்மணி அளவு நகர்த்தி, கையை விலக்கி, ஒரு படம். மீண்டும் நகர்த்தி, மீண்டும் ஒரு படம். அக்கால வழக்கப்படி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 16 படங்கள். ஒரு நிமிடத்துக்கு 960. இடையில் மேகம் சூரியனை மறைத்தால் திரையில் துடிப்பு விழும். ஒரு குச்சி தவறிச் சாய்ந்தால் முன் செய்தது வீண். கடன்காரர் வாசலில் நிற்க, நாற்பத்தைந்து வயது மனிதர் ஒருவர் இவ்வேலையில் குனிந்திருந்தார் என்பதை எண்ணும்போது, அவருடைய எந்தப் பெரிய படத்தையும்விட இதுவே என்னைத் தொடுகிறது.

1917-இல் வந்த லங்கா தகனம் அவருக்குச் செல்வத்தைக் கொட்டியது. சாளுங்கே ஒருவரே இராமராகவும் சீதையாகவும் தோன்றினார். அனுமன் வானில் பறந்தார். வாலில் தீ மூண்டது. மதராசில் வசூலான நாணயங்களைப் பொலிசாரின் காவலுடன் மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றார்கள் என்பர். எரிந்தது எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் நாங்கள் மனத்தாங்கல் கொள்ளலாம். ஆனால் அந்த அனுமனைக் கண்டால் யார்க்கும் கோபம் வராது. 1919-இல் தம் சிறுமகள் மந்தாகினியைக் கண்ணனாக்கிக் காளிய மர்த்தனம் எடுத்தார்.

செல்வம் கூட்டாளிகளைக் கொணர்ந்தது. கூட்டாளிகள் பிணக்கைக் கொணர்ந்தார்கள். மனம் கசந்து காசிக்குப் போய் நாடகம் எழுதினார், திரும்பி வந்தார். சேதுபந்தனம் 1932-இல் முடிந்தபோது, திரை முந்திய ஆண்டே பேசத் தொடங்கியிருந்தது. அப்படத்துக்குப் பின்னர் ஒலி சேர்த்தும், காலம் அவரைக் கடந்துவிட்டது. 1937-இல் கங்காவதரணம் என்னும் ஒரே பேசும்படத்தை எடுத்து ஓய்ந்தார். 1944 பெப்ரவரி 16-ஆந் திகதி நாசிக்கில் காலமானார். இந்திய அரசு அவர் பெயரால் விருது நிறுவியது 1969-இல்.

அரிச்சந்திராவின் பகுதிகள் எஞ்சியுள்ளன. காளிய மர்த்தனம் பெரும்பாலும் உண்டு. படம் எடுக்கும் முறையை விளக்க, தாமே தோன்றி அவர் எடுத்த துண்டுப் படமும் உண்டு. குச்சிகள் இல்லை. அந்நாளைய பிலிம் எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்று வகை. எரியாமல் தப்பினாலும் பிசினாகிப் பொடியாகும். 1990-இல் ஊர் கலைந்தபோது நான் விட்டுச்சென்ற பெட்டியில், இருபது ஆண்டுகளாக ஓரங்களில் சித்திரம் வரைந்து விரலால் தட்டிப் பார்த்த கொப்பிகள் இருந்தன. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, சுவரும் இல்லை. அன்றுமுதல் பால்கேயின் குச்சிகளை நினைக்குந்தோறும் அந்தக் கொப்பிகளும் கூடவே நினைவில் வரும்.

சென்ற மாதம் என் பேர்த்தி தன் கைத்தொலைபேசியைப் புத்தக அடுக்கின்மேல் பொருத்தி வைத்தாள். நான் குச்சிகளை நகர்த்தினேன். அவள் படம் பிடித்தாள். பதினைந்து வினாடிக்கு 240 படங்கள் எடுப்பதென்று திட்டம். நூற்றைத் தாண்டியபோது கடற்காற்று சாளரத்தால் புகுந்து குச்சிகளை ஒருசேர வாரிக்கொண்டு போயிற்று. அவள் எழுந்து சாளரத்தை அடைத்துவிட்டு வந்து, முதற் குச்சியை மேசையின் நடுவில் வைத்தாள்.